வெயில் போட்டுக்கொண்ட பெல்ட்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில் குப்புராஜின் வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண்பிள்ளை நட்டுவைத்த கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வருகிற வண்டி அது ஒன்றுதான். அவள் தமிழினி, குப்புராஜின் ஒரே மகள். அவள் ஏன் அப்படி உட்கார்ந்து வருகிறாள் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்தது இதுதான். இதற்குமேல் யாராவது கூட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

குப்புராஜுக்குப் பெரிய குரல். சிக்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் "வேளச்சேரி" என்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். குரலைவிடப் பெரியது அவனுடைய சந்தோஷம். ஒரு நல்லது நடந்துவிட்டால் அதைப் போட்டு வைத்துக்கொள்ள அவனிடம் பை கிடையாது. மகளுக்கு முதல் பல் விழுந்தது, பொண்டாட்டி உதயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது, வீட்டில் தண்ணீர்க் குழாய் வந்தது, எல்லாம் அவன் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு செம்பாக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கெட்ட குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குணம் ஒரு தடவை மகளின் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது.

தமிழினி படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஈவ்லின் என்று ஒரு பெண், முதுகெலும்பு டாக்டரிடம் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவள், பெண்பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னாள். தமிழினி குனிந்தபோது முதுகில் வலது பக்கம் மட்டும் ஒரு மேடு எழும்பியது. நிமிர்ந்தால் தெரியாது, குனிந்தால் தெரியும். அதோடு ஒரு தோள் இன்னொரு தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. இத்தனை நாள் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்ட உதயாவுக்கே அது கண்ணில் படவில்லை.

புத்தகப் பைதான் காரணம் என்று உதயா அழுதாள். சின்ன வயதில் வண்டியில் சீட்டு ஓரத்தில் உட்கார வைத்ததுதான் காரணம் என்று குப்புராஜ் தன்னையே திட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அந்த முதுகெலும்பு டாக்டர் யக்ஞநாராயணன் இரண்டையும் இல்லை என்றார். வளர்கிற வயதில் சில பெண்பிள்ளைகளுக்கு முதுகெலும்பு தானாகவே பக்கவாட்டில் வளையும், யாருடைய தப்பும் கிடையாது என்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். அவளுடைய முதுகெலும்பு ஓடையில் போகிற பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. அவர் அதன்மேல் கோடு போட்டு அளந்தார். முப்பத்தொரு டிகிரி.

அந்த டாக்டர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பெல்ட் போட்டவர்களில் யார் யாருக்கு வளைவு நின்றது, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள், குனிய முடிகிறதா, தரையில் சம்மணம் போட முடிகிறதா, ஓடியாட முடிகிறதா என்று வருஷக்கணக்காகப் பின்னாலேயே போய்க் கேட்கிற ஆராய்ச்சி. தமிழினியையும் அதில் சேர்த்துக்கொண்டார். பெல்ட்டைத் தினமும் பதினெட்டு மணி நேரம் போட வேண்டும், குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம். வளைவு இந்த அளவிலேயே நின்றால் தப்பித்தாள். நாற்பத்தைந்தைத் தாண்டினால் முதுகில் இரண்டு கம்பி வைத்துத் திருகாணி போட்டு நிமிர்த்துகிற ஆபரேஷன். நல்ல ஆபரேஷன்தான், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கம்பி வைத்த இடம் அப்புறம் வளையாது என்றார்.

அப்போதுதான் தமிழினி வாயைத் திறந்தாள். "கபடி ஆடலாமா டாக்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நடக்கலாம், ஓடலாம், நீந்தலாம். ஆனா நாலு பேர் மேல விழுந்து அமுக்கற ஆட்டத்துக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேம்மா."

தமிழினிக்குக் கபடி என்றால் உயிர். ரெய்டு போனாள் என்றால் எதிர்க் கட்சிக்காரிகள் கோட்டுக்கு அந்தப் பக்கமே ஒதுங்கி நிற்பார்கள். மெலிந்த உடம்பு, மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பெல்ட் ஜெயித்தால் கபடி, பெல்ட் தோற்றால் கம்பி. அது மூன்று பேருக்கும் புரிந்துபோயிற்று.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிற வார் என்று நினைத்துவிடாதீர்கள். அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கவசம் அது. பின்னால் மூன்று பட்டை, இழுத்து மாட்ட வேண்டும். உள்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பட்டன் பதித்திருந்தார்கள். தினம் எத்தனை மணி நேரம் போட்டாய் என்று இந்தப் பட்டனுக்குத் தெரியும், அதனிடம் யாரும் ஏமாற்ற முடியாது என்று ஈவ்லின் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பொங்கல் முடிந்து போட ஆரம்பித்தாள். குப்புராஜ் குடும்பம் இருந்தது ஒரு மொட்டை மாடி வீடு. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பகலில் அந்த அறைக்குள் நின்றால் தலை உச்சியில் யாரோ இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் இந்தக் கவசத்தையும் மாட்டிக்கொண்டால் கேட்க வேண்டுமா? வேர்க்குரு, அரிப்பு, எரிச்சல். ஆனாலும் அந்தப் பிள்ளை போட்டாள். லூசான சட்டையாக வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதை மறைத்துப் போட்டுக்கொண்டு போனாள், யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவாள். ராத்திரி உதயா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டுக்கொண்டு படுப்பாள்.

சித்திரை பிறந்ததும் முதல் தடவை பட்டனைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தார்கள். ஈவ்லின் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். ஒரு நாளைக்கு இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆராய்ச்சியில் இருக்கிற பிள்ளைகளில் இவள்தான் முதல். குளிக்கிற நேரத்தில்கூடக் கழற்ற மாட்டாள் போல என்று அவள் சொல்ல, டாக்டர் தமிழினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உதயாவுக்கு மட்டும் இடித்தது. "தெனமும் அரை மணி நேரம் குளிக்கிறாளே, வூட்டுக்கு வந்தா கழட்டி மாட்டுறாளே?" என்று புருஷன் காதில் முணுமுணுத்தாள்.

"மெஷின் சொல்லுது, நீ கம்முனு இரு" என்றான் குப்புராஜ். அவனுக்கு அப்போது உலகத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. தமிழினி தரையைப் பார்த்தபடி நின்றாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவன் வண்டியில் ஏறினவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. மறுநாள் ஸ்டாண்டுக்கே தெரிந்தது. ஸ்டாண்டில் மோகன்ராஜ் என்று ஒருத்தன். காது குத்தினாலும் கல்யாணம் ஆனாலும் நாய் குட்டி போட்டாலும் பேனர் வைக்கிறவன். நம்ம குழந்தை மெஷினையே அசத்திவிட்டாள், சும்மா இருக்கலாமா என்று கிளப்பினான். இரண்டே நாளில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் எழும்பியது. இந்தப் பக்கம் ஒரு சிங்கம், அந்தப் பக்கம் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும், நடுவில் தமிழினி. அவளுடைய முகத்தைவிட மோகன்ராஜின் கூலிங்கிளாஸ் பெரியது. 'இரவும் பகலும் முதுகு பெல்ட் அணிந்து முதலிடம் பிடித்த எங்கள் வீரமங்கையை வாழ்த்துகிறோம்' என்று சிவப்பு எழுத்து. குப்புராஜ் அதன் அடியில் வண்டியை நிறுத்தி ஏறுகிறவர்களிடமெல்லாம் மேலே கையைக் காட்டினான்.

தமிழினி அதை வண்டியிலிருந்தே பார்த்தாள். தன்னை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடச் சொன்னாள். பிள்ளைக்கு வெட்கம் என்று அவன் ரசித்தான்.

ஆனி மாதம் மறுபடியும் எக்ஸ்ரே. பட்டன் இந்தத் தடவை இன்னும் நல்ல பேர் கொடுத்தது. கோடை லீவு பூராவும் ஒரு நிமிஷம்கூடக் கழற்றவில்லையாம். டாக்டர் சிரித்துக்கொண்டே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தார். கோடு போட்டார். சிரிப்பு நின்றது. மறுபடியும் கோடு போட்டார்.

முப்பத்தொன்பது.

"இவ்வளவு ஒழுங்கா போட்டும் ஏறுதுன்னா, பெல்ட் இவளுக்குப் பலன் தரலைன்னு அர்த்தம்" என்றார். "இன்னும் வளர்ற வயசு. நாற்பத்தைந்து வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். அடுத்த மாசம் ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுக்கலாம்."

குப்புராஜ் தலையை மட்டும் ஆட்டினான். அன்றைக்கு அவன் வண்டியில் ஏறினவர்களுக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அடுத்த வாரம் கேம்ப் ரோட்டில் அவன் வண்டிக்கு கிளட்ச் கேபிள் அறுந்தது. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, நல்ல உச்சி வெயிலில் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தான். உதயா வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். கதவைச் சாத்தினதும் பின்னால் ஏதோ டொக்கென்று ஆடியது. ஆணியில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

மறந்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவம், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். கையில் எடுத்தவன் சட்டென்று கீழே போட்டான். தோசைக்கல் மாதிரி அப்படி ஒரு சூடு. துண்டை வைத்து மறுபடியும் தூக்கினான். அப்போதுதான் பட்டையைப் பார்த்தான். ஆணியில் மாட்டுகிற அந்த ஒரே இடத்தில் துருக்கறை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கன்றிப்போயிருந்தது. ஒரு நாள் மாட்டினதில் அப்படி ஆகாது.

சாயங்காலம் கபடி பிராக்டீஸ் முடிகிற நேரத்துக்கு வண்டியோடு போய் நின்றான். மகளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டான். வேறு யாரையும் ஏற்றவில்லை. சிக்னலில் கை காட்டினவர்களைக்கூட விட்டுவிட்டுப் போனான். வண்டி வாங்கின நாளிலிருந்து அவன் காலியாக ஓட்டினது அன்றைக்குத்தான். ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினான்.

"பெல்ட்டு வூட்டுல கீது" என்றான்.

"தெரியும்பா."

"எத்தினி நாளா?"

தமிழினி நகத்தைப் பிய்த்தாள். "பேனர் வெச்சதுலேர்ந்து."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் தெரியாது. பேனர் வந்த மறுநாளிலிருந்து வகுப்பில் எல்லோரும் பின்னாலிருந்து முதுகைத் தட்டிப் பார்க்கிறார்கள், டொக் டொக்கென்று சத்தம் வருகிறது என்று சிரிக்கிறார்கள். ஒருத்தி ஆமை என்று பேர் வைத்துவிட்டாள். அதனால் காலையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு கிளம்பி, எதையோ மறந்த மாதிரி மாடிப்படியிலேயே திரும்பி வந்து கழற்றி மாட்டிவிட்டுப் போகிறாள். லீவில் பகல் பூராவும் கபடி பிராக்டீஸ் என்று சொல்லிக் கழற்றி மாட்டிவிட்டாள். ராத்திரி அம்மா தூங்கினதும் கழற்றிவிடுகிறாள்.

"அப்ப அந்தப் பட்டனு?"

"அது என்னைக் காட்டிக் குடுக்கும்னுதாம்பா நெனச்சேன். அது போட்டேன்னு சொல்லிச்சு. நான் இன்னா பண்றது?"

குப்புராஜுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில், பட்டனின் மேலேயே குறை சொல்கிற அந்த முகத்தில், அவனுக்குச் சிரிப்பு முட்டியது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆபரேசன்னு சொன்னாரே. அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம் இல்ல?"

"நீதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டியேப்பா" என்றாள். "தாம்பரத்துலேர்ந்து வேளச்சேரி வரைக்கும்."

ஏரியில் கொக்கு ஒன்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை அடிப்பதா, அணைத்துக்கொள்வதா, அந்தப் பேனரைக் கிழிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் உதயா எல்லாம் கேட்டுவிட்டு மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனைத்தான் பிடித்துக்கொண்டாள். "குளிக்கிறாளேன்னு அன்னிக்கே கேட்டேன். மெஷின் சொல்லுதுன்னு என் வாய அடைச்ச. இப்ப போய் அந்த மெஷினாண்ட கேளு."

போக வேண்டியதுதான். ஆனால் போனால் என்ன ஆகும் என்றும் அவன் யோசித்துப் பார்த்தான். முதல் பேர் வாங்கின பெண் பொய்க்காரி ஆவாள். ஸ்டாண்டில் தலை காட்ட முடியாது. பேசாமல் நாளையிலிருந்து போடவைத்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அங்கே தேதி குறித்திருக்கிறார்கள். பெல்ட் தோற்றதென்று நம்பித்தான் குறித்திருக்கிறார்கள். பெல்ட் ஆட்டத்துக்கே வரவில்லை என்பது இங்கே இந்த ஷீட் வீட்டில் இருக்கிற மூன்று பேருக்குத்தான் தெரியும். காலையில் முதல் டிரிப்பை விட்டுவிட்டு மகளையும் பெல்ட்டையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

டாக்டர் எதிரில் கைகட்டி நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "சார், அந்தப் பட்டனு பொய் சொல்லுது. பொண்ணு பெல்ட்டே போடல. மாசக்கணக்கா ஆணிதான் போட்டுகினு கீது."

ஈவ்லின் அப்படி இருக்கவே முடியாது என்றாள். பட்டன் உள்ளூர் சரக்கு இல்லை, எத்தனையோ ஊரில் சோதித்துப் பார்த்தது என்றாள். அப்புறம், "எங்க மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கதவுக்குப் பின்னாடி."

"மேல என்ன கூரை?"

"ஷீட்டும்மா. பகல்ல உள்ள நின்னா வெந்துடுவோம். பெல்ட்ட தொட்டேன், கை சுட்டுட்ச்சு."

ஈவ்லின் அப்படியே நின்றாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். "சார்," என்றாள் மெதுவாக, "அது டெம்பரேச்சரைத்தான் பாக்குது."

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பட்டனுக்குக் கண் கிடையாது. சூடு மட்டும்தான் தெரியும். சூடாக இருந்தால் உடம்பில் இருக்கிறது, ஆறிப்போனால் கழற்றிவிட்டார்கள். அதைச் செய்த ஊரில் வீடு குளிர்ந்து கிடக்கும், அங்கே அந்தக் கணக்குச் சரி. நம் ஊர் ஷீட் அறையில் ஆணியில் தொங்குகிற பெல்ட்டும் அதற்கு ஒரு பிள்ளைதான். தமிழினி போட வேண்டிய பெல்ட்டை இத்தனை நாள் வெயில் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் கம்ப்யூட்டரைத் திறந்து மற்ற பிள்ளைகளையும் பார்த்தார்கள். ஷீட் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் தங்கம், எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அடுக்குமாடியில் ஏசி வீட்டில் இருக்கிற பிரணவ் என்கிற பையன் மட்டும் பதினாறு மணி நேரத்தைத் தாண்டவே இல்லை. சோம்பேறி என்று அவனை இரண்டு தடவை உட்கார வைத்துத் திட்டியிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளில் உண்மையான கணக்கு அவன் ஒருத்தனுடையதுதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒரு கோடை பூராவும் சேர்த்த கணக்கு போயிற்று. குப்புராஜ் பயந்துபோய் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தான். அதற்குள் டாக்டருக்கு வயிறு குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல பிரணவ் அம்மாவுக்கு போன் போடும்மா ஈவ்லின். நான் மன்னிப்புக் கேக்கணும்." அப்புறம் குப்புராஜிடம், "நீங்க வரலைன்னா இந்தக் குழந்தை முதுகுல அவசரப்பட்டுக் கத்தி வெச்சிருப்பேன். கணக்கு போனா திரும்பப் போட்டுக்கலாம்" என்றார்.

தேதியை அடித்துவிட்டார். வருகிற பொங்கல் வரைக்கும் பெல்ட்டுக்கு நிஜமாகவே ஒரு வாய்ப்பு. வளைவு நின்றால் ஆபரேஷன் கிடையாது. ஏறினால் உண்டு, அப்போது அழக் கூடாது. பெல்ட்டுக்கு வெளிப்பக்கத்திலும் இன்னொரு பட்டன் பதித்தார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு காட்டினால் ஆணி போட்டிருக்கிறது என்று அர்த்தம். இப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றினார்கள். வேர்வைக்கு உள்ளே மெல்லிசான பருத்திப் பனியன் போடச் சொன்னார்கள்.

கிளம்பும்போது டாக்டர் தமிழினியிடம் தனியாகக் கேட்டார், இனிமேல் போடுவதற்கு உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் அப்பாவைப் பார்த்தாள். "பேனர எடுக்கணும்."

சிக்னலில் குப்புராஜே ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். கீழே நின்றிருந்த மோகன்ராஜ் விடுவானா? "இன்னாண்ணா, கொயந்த பெயிலா?"

"கொயந்த பெயிலாவலடா. பேனருதான் பெயிலு" என்றான் குப்புராஜ் மேலிருந்தே.

இறங்கி வந்து நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்டாண்டே ஒரு வாரம் சிரித்தது. அவனைக் கண்டால் பெல்ட்டைக் கழற்றி வெயிலில் காயப்போடுகிற மாதிரி ஜாடை காட்டுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகு மோகன்ராஜ் ஒரு காரியம் செய்தான். அதற்காகவே அவனைப் பேனர் விஷயத்தில் மன்னிக்கலாம். பழைய பேனர்கள் எங்கெங்கே கிடந்ததோ அத்தனையையும் வாரிக்கொண்டு குப்புராஜின் மொட்டை மாடிக்கு வந்தான். ஷீட்டின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதன்மேல் பேனர்களை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி இழுத்துக் கட்டினார்கள். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தமிழினியின் பேனர். சிங்கமும் மோகன்ராஜின் கூலிங்கிளாசும் மற்றப் பேனர்கள்மேல் குப்புற. அறைக்குள் அனல் பாதியாகக் குறைந்தது. உதயாவுக்கே மத்தியானம் கண் சொக்கியது.

ஆனாலும் சாயங்காலம் அறை புழுங்கத்தான் செய்தது. அதற்குத்தான் முன் சீட்டு. பிராக்டீஸ் முடிந்ததும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கம் போனால் காற்று சட்டைக்குள் புகுந்து அடிக்கும். படிப்பு, பாடம் எல்லாம் அந்த சீட்டில்தான். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா அவள் முதுகைத் தற்செயலாக இடித்துவிட்டு, இது என்னம்மா போலீஸ்காரர் போடுகிற குண்டு துளைக்காத சட்டையா என்று கேட்டாள். தமிழினி கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடினாள். அப்புறம் திரும்பி, "பெல்ட்டு, ஆயா. முதுகு வளையாம இருக்க. தட்டிப் பாருங்க, நல்லா சத்தம் வரும்" என்றாள். பூக்கார அம்மா தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இறங்கும்போது ஒரு முழம் மல்லி கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படியே ஆரம்பித்தாள். யாராவது தட்டுவதற்கு முன்னால் அவளே முதுகைக் காட்டித் தட்டச் சொன்னாள். ஆமை என்று பேர் வைத்தவளுக்கே முதல் வாய்ப்புக் கொடுத்தாள். தட்டச் சொன்னால் யாருக்குத் தட்டப் பிடிக்கும்? பத்து நாளில் அந்த வேடிக்கை சப்பென்று ஆகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். தை பிறப்பதற்கு முன்னால் சேலையூரில் ஒரு கபடி மேட்ச். தமிழினி களத்தில் இருக்கிற நேரம் பூராவும் குப்புராஜ் வேப்பமர நிழலில் பெல்ட்டை மடியில் வைத்து ஈரத் துண்டு போட்டு மூடி உட்கார்ந்திருந்தான். குழந்தையா என்று ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "இல்ல சார், பெல்ட்டு. வெயிலு பட்டா பொய் சொல்லும்" என்றான். ஆட்டம் முடிந்ததும் மண்ணும் வேர்வையுமாக அவள் ஓடி வந்தாள். முன்னெல்லாம் வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றுதான் மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில், அத்தனை பேர் நடுவில், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றாள். "நல்லா இழுத்து மாட்டும்மா" என்றாள் உதயாவிடம். உதயா முழங்காலால் முட்டுக் கொடுத்து மூன்று பட்டையையும் இழுத்து மாட்டினாள்.

பொங்கல் முடிந்து எக்ஸ்ரே. குப்புராஜும் உதயாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணத்தன்றைக்குக்கூட இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. பட்டன்கள் இரண்டும் ஒரே பேச்சாகச் சொல்லின, பத்தொன்பது மணி நேரம். டாக்டர் கோடு போட்டார். ஈவ்லினைக் கூப்பிட்டு அவளையும் கோடு போடச் சொன்னார்.

"முப்பத்தேழு" என்றார்.

"ரெண்டு கொறஞ்சிருக்கு சார்!" என்றான் குப்புராஜ்.

"ரெண்டை எண்ணாதீங்க. கோடு போடற கையே அவ்வளவு தவறும்" என்றார் டாக்டர். "குறையல. ஆனா நின்னுடுச்சு. எனக்கு அது போதும். வளர்ச்சி முடியற வரைக்கும், இன்னும் ஒரு வருஷமோ கூடவோ, இதே மாதிரி போடட்டும். ஆபரேஷன் பேச்சே இப்ப வேண்டாம்."

தமிழினி கேட்க வேண்டியதைக் கேட்டாள். "கபடி?"

"ஆடு" என்றார். "ஆனா ஆடி முடிச்ச உடனே கவசம்."

தாம்பரத்தில் வண்டி நிறைந்தது. பின்னால் எட்டுப் பேர், நடுவில் உதயா, முன்னால் தமிழினி. குப்புராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். பேனரை அவிழ்த்த நாளுக்கு அப்புறம் மகளுடைய விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று அவனாகவே வைத்துக்கொண்ட சபதம். சேலையூர் வந்தது, வாயைத் திறக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது மோகன்ராஜ் ஓடி வந்து இன்னா ஆச்சு என்று ஜன்னலில் கேட்டான். குப்புராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். செம்பாக்கம் வந்தது. ஒன்றும் புரியாமல் பின்னால் எல்லோரும் உதயாவைப் பார்த்தார்கள். அவன் கழுத்து சிவந்து, கன்னம் உப்பி, மூடி போட்ட குக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தமிழினி ஓரக்கண்ணால் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். கவசத்துக்குள் திரும்ப முடியாது, உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். அப்படியே முழுசாகத் திரும்பினாள்.

"சொல்லிக்கோப்பா" என்றாள். "பேனர் மட்டும் வேணாம்."

காமராஜபுரம் தாண்டுவதற்குள் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. மேடவாக்கத்தில் இறங்க வேண்டிய ஒரு அம்மா மிச்சத்தையும் கேட்டுவிட்டு இறங்குகிறேன் என்று பள்ளிக்கரணை வரைக்கும் வந்தாள்.